இடது கையையும் காட்டு

பெயர் புஷ்பலதா, வயது இருபத்தாறு.
சீட்டில் அப்படித்தான் இருந்தது.
ஏசிப் பெட்டியில் தூசி துடைக்க ஏறினாளாம்,
ஸ்டூல் சறுக்கி
வலக்கையை ஊன்றி விழுந்தாளாம்.
சொன்னது அவளில்லை,
கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்ற
வீட்டுக்காரரின் தம்பி.
ஜஹ்ராவில் மூன்றாவது நாளாகப் புழுதி.
எக்ஸ்ரே அறையின் கதவிடுக்கில்
ஈரத்துணி திணித்து வைத்திருந்தேன்.

கையை மடக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தேன்.
உள்பக்கம் ஒரு குமிழ், வெளிப்பக்கம் ஒரு குமிழ்,
பின்னால், மேசையில் ஊன்றுவோமே, அந்த முனை.
மடக்கினால் மூன்றும் முக்கோணம்,
நீட்டினால் ஒரே கோடு.
மூட்டு நழுவியிருந்தால் முக்கோணம் காட்டிக்கொடுக்கும்.
நழுவவில்லை.
உள்குமிழில் விரல் பட்டதும் பல்லைக் கடித்தாள்.
அதன் பின்பக்கப் பள்ளத்தில்தான் ஓடுகிறது
இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்கிற நரம்பு.
சுண்டுவிரல் மரத்துப்போகிறதா என்று அரபியில் கேட்டேன்,
பிறகு இந்தியில்,
பிறகு, என்னவோ தோன்றித் தமிழில்.
"லேசா" என்றாள்.

படம் வந்தது.
மேலெலும்பின் அடியில் கிணற்றுக் கப்பி,
அதை ஸ்பானர் வாயாய்க் கவ்வும் கீழெலும்பு,
பக்கத்தில் ஆரை எலும்பின் வட்டத் தலை,
துணி பிழியும்போதெல்லாம் சுழல்வது.
எல்லாம் அதனதன் இடத்தில்.
உள்குமிழை ஒட்டி மட்டும்
மயிரிழையாய் ஒரு கறுப்புக் கோடு.

"முறிவு" என்றார் டாக்டர் ஹிஷாம்.
காலையிலிருந்து அவருக்கு நாற்பதாவது ஆள்.
நான் திரும்பி வந்து
"இடது கையையும் காட்டும்மா" என்றேன்.
"அது நல்லாத்தானே இருக்கு?"
"அதனாலதான்."

உடையாத கையிலும் அதே கோடு.

பிள்ளைகளின் முழங்கை பெரும்பாலும் குருத்தெலும்பு,
எக்ஸ்ரேக்கு அது வெறும் இருட்டு.
அந்த இருட்டில் ஆறு பொட்டுகள்
ஒரு வருசம் விட்டு ஒரு வருசம் முளைக்கும்,
வளரும், மேலெலும்போடும் கீழெலும்போடும் ஒட்டும்.
மேலெலும்பில் கடைசியாக ஒட்டுவது உள்குமிழ்,
பெண்பிள்ளைகளுக்குப் பதினைந்தையொட்டி.
பரீட்சைக்கு உருப்போட்டது.
எது முறிவு, எது வளர்ச்சி என்று பிரிக்க
பதினேழு வருசமாக உதவியிருக்கிறது,
அதற்கு மட்டும்.

"உனக்கு என்ன வயசு?"

ஈய அங்கியின் கனத்தில் குனிந்தபடி கேட்டாள்:
"பாஸ்போட்டுலயா அக்கா?"

பாஸ்போர்ட் அவள் அக்காவுடையது, பெயரும்தான்.
அக்காவுக்குப் பதுளையில் கல்யாணமாகிவிட்டது.
இவள் யோகமலர்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன்.
டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.
நான் பத்து விரலை விரித்தேன். அப்புறம் நான்கு.
வெளியே சாவி சுழலும் சத்தம்.

முறியவில்லை என்று எழுதலாம், உண்மை,
எழுதினால் மாலையே ஸ்டூல்.
முறிந்தது என்று எழுதலாம்,
அது எங்கள் இருவர் வேலைக்கும் உலை.

ரொம்ப நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.
பிறகு எழுதினார்:
வளர்கோட்டின் மேல் அழுத்தினால் வலி.
படத்தில் பிடிபடாத காயம் இருக்கலாம்.
மாவுக்கட்டு, மூன்று வாரம். வாரா வாரம் வரவும்.

ஒரு எழுத்தும் பொய்யில்லை.
எலும்பு இன்னும் வளர்கிறவர்களுக்கு மட்டுமே
வரக்கூடிய காயம் அது.
இருபத்தாறு என்று அச்சடித்த தாளில்
அவர் கையெழுத்தோடு இருக்கிறது.
படிக்கத் தெரிந்த ஒருவர் கையில் அது சேர வேண்டும்.

கட்டு இறுகும்போது "சுடுதுக்கா" என்றாள்.
காயும்போது சூடாகும், பயப்படாதே என்றேன்.

இடது கைப் படத்துக்கு நான் பில் போடவில்லை.
தூதரகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன்,
மூன்றாவது முறை ஒருத்தி பெயரைக் கேட்டாள்.
எந்தப் பெயர் என்று ஒரு கணம் தடுமாறி
மேசை இழுப்பறையைத் திறந்தேன்.
படத்தின் மூலையில் என் எழுத்திலேயே இருந்தது:
யோகமலர், இடது.